15 நிமிடத்துக்காக மிலான் போக வேண்டுமா?

கேள்வி | 9 ஜனவரி 2024

ஏப்ரலில் இத்தாலி போகிறோம். லியொனார்டோ டா வின்சியின் 'கடைசி இராப்போஜனம்' சுவரோவியம் (இயேசு சீடர்களோடு கடைசியாக உண்ட விருந்து) பார்க்க மிலானில் ஒரு நாள் ஒதுக்கலாமா? போய் வந்த நண்பன், "பாதி உதிர்ந்த சுவர்டா, 15 நிமிஷத்துல வெளியே அனுப்பிடுவாங்க, வீட்டுல மாட்டியிருக்கிற படமே தெளிவா இருக்கும்" என்கிறான். பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

9 ஜனவரி, இரவு 10.40

உங்கள் நண்பர் சொன்னதில் பொய் கிடையாது. 15 நிமிடம்தான். சுவர் உதிர்ந்துதான் இருக்கிறது. போன அக்டோபரில் நானும் மனைவியும் போனோம். மகள் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போன இடத்தில், சூரிச் வழியாக ரயில் பிடித்து, இந்த ஒன்றுக்காக மிலானில் இரண்டு ராத்திரி தங்கினோம்.

பார்த்ததும் என் வாயில் வந்த முதல் வார்த்தை "ஓதம்" (சுவரில் ஏறும் ஈரம்). நாசரேத்தில் (தூத்துக்குடி மாவட்டம், இயேசுவின் ஊரான அந்த நாசரேத் இல்லை) 26 வருடமாகப் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். எந்தச் சுவரைப் பார்த்தாலும் அதுதான் கண்ணில் படும்.

ஒரு நாள் முழுக்க ஒதுக்காதீர்கள். பெரிய ஃப்ரெஸ்கோ, பாதி போய்விட்டது, போதாததற்கு நெப்போலியன் படை வந்து நடுவில் கதவு வேறு வெட்டியிருக்கிறது. காட்டிக்கொடுத்த சீடன் யூதாஸின் கை பட்டு உப்புக் கிண்ணம் கவிழ்ந்து கிடப்பதை மட்டும் நன்றாகப் பார்த்தேன். மற்றபடி எங்கள் வீட்டு ஹாலில் தொங்குகிற படம் இதைவிடத் தெளிவு.

10 ஜனவரி, காலை

ஒரே ராத்திரியில் நான்கு பேர் காதைப் பிடித்துத் திருகிவிட்டீர்கள். சரி, அது ஃப்ரெஸ்கோ இல்லை. பெயின்ட் விற்கிறவன் இதைத் தப்பாகச் சொல்லியிருக்கக் கூடாது.

ஃப்ரெஸ்கோ என்றால் சுண்ணச்சாந்து ஈரமாக இருக்கும்போதே தண்ணீரில் கரைத்த நிறத்தைத் தீட்டுவது. சாந்து காயக் காய நிறமும் சுவரோடு சேர்ந்து கல்லாகிவிடும். ஆனால் இன்றைக்குப் பூசிய இடத்தை இன்றைக்கே முடித்தாக வேண்டும். நின்று யோசிக்க முடியாது, நாளைக்கு வந்து மாற்ற முடியாது. லியொனார்டோ அப்படி வேலை செய்கிற ஆள் இல்லை. அதனால் காய்ந்த சுவரில், நம் பட்டி மாதிரி, சுண்ணத்தூளில் ஒரு பூச்சு. அதன்மேல் ஈய வெள்ளையில் ஒரு பிரைமர். அதற்கும் மேலே முட்டையும் எண்ணெயும் சேர்த்த நிறம். மரப்பலகையில் தீட்டுகிற முறையைச் சுவருக்குக் கொண்டுவந்துவிட்டார்.

சுவர் காயும் முன்னே எனாமல் அடிக்க வேண்டும் என்று கடைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது: "ஆறு மாசம் பளபளன்னு இருக்கும், அப்புறம் அப்பளம் மாதிரி எழும்பும்." அங்கேயும் அதுதான். 1495 வாக்கில் தொடங்கி 1498 வாக்கில் முடித்தார். 1517 டிசம்பரில் பார்த்த ஒரு பயணி, கெட்டுப்போகத் தொடங்கிவிட்டது என்று குறித்து வைத்திருக்கிறார். ஓவியர் அப்போது உயிரோடுதான் இருந்தார். வாரன்டி கேட்கலாம் என்றால் ஆள் பிரான்சில்.

10 ஜனவரி, மதியம்

கதவு விஷயமும் தப்பு. வெட்டியது நெப்போலியன் ஆட்கள் இல்லை, 1652-இல் ஓவியம் இருக்கிற துறவிகள் மடத்துக்காரர்களே. பிரெஞ்சுப் படை வந்தது 1796-இல். அவர்கள் அந்த அறையைக் குதிரை லாயமாக்கினார்கள். இரண்டு பழியையும் சேர்த்து ஒருவர் தலையில் போட்டுவிட்டேன்.

உப்புக் கிண்ணத்தைப் பார்த்தேன், அதில் மாற்றமில்லை.

13 ஜனவரி

டிக்கெட் பற்றிக் கேட்டவர்களுக்கு. திங்கட்கிழமை விடுமுறை. அதிகாரபூர்வ தளத்தில் சில மாதங்களுக்கான டிக்கெட்டை மொத்தமாகத் திறந்துவிடுவார்கள், சூடாகத் தீர்ந்துவிடும். நான் பார்த்தபோது எல்லா நாளும் சாம்பல் நிறத்தில் இருந்தது. கடைசியில் ஒரு டூர் கம்பெனியிடம் மூன்று மடங்குக்கு மேல் கொடுத்து வாங்கினேன். வழிகாட்டியோடு ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். அதில் ஒன்றேகால் மணி நேரம் வெளியே நின்றுகொண்டு மிலான் பிரபு லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவின் குடும்பக் கதை. ஓவியத்துக்கு அதே 15 நிமிடம்தான். யாருக்கு எவ்வளவு அதிகமாகக் கொடுத்தாலும் அந்த நேரம் நீளாது.

அந்த வழிகாட்டிப் பெண் எல்லோரிடமும் ஊர் கேட்டுக்கொண்டே வந்தார். டெக்சஸ், லியோன், சியோல் என்று வந்து என் முறை. "நாசரேத்" என்றேன். ஒரு நிமிடம் பேச்சே இல்லை. பாஸ்போர்ட்டைத் திறந்து பிறந்த ஊரைக் காட்டினேன். டெக்சஸ் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. என் மனைவி தமிழில், "பெயின்ட் கடைன்னு சொல்லிடாதீங்க, இருக்கிற மரியாதை போயிரும்" என்றாள்.

போகும் வழி சுலபம். சென்ட்ரலே நிலையத்திலிருந்து பச்சை மெட்ரோவில் கடோர்னா, அங்கிருந்து நடை. மடம் சான்டா மரியா டெல்லே கிராட்சியே தேவாலயத்தை ஒட்டியே இருக்கிறது. பெரிய பையை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள்.

18 ஜனவரி

பொங்கல் வியாபாரம் ஓய்ந்தது, இனி உட்கார்ந்து எழுதலாம். "அண்ணாச்சி, உள்ளே என்னதான் இருந்தது? ஓதத்தைத் தவிர ஏதாவது சொல்லுங்கள்" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நியாயம்தான்.

முதலில் கண்ணாடிக் கதவுகள். ஒன்று திறக்கும், முப்பது பேர் போல உள்ளே போவோம், பின்னால் மூடும். அது மூடினால்தான் அடுத்தது திறக்கும். வெளிக்காற்றின் தூசியும் ஈரமும் உள்ளே போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. 500 வருடம் கழித்து ஒருவழியாகச் சுவருக்கு ஓதம் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிக் கதவு திறந்ததும் நீளமான, உயரமான, வெறும் அறை. பெஞ்சைத் தவிர ஒன்றுமில்லை. வலது பக்கச் சுவரில் அது. ஏறக்குறைய 29 அடி நீளம், 15 அடி உயரம். படத்தின் அடிப்பாகமே நம் தலைக்கு மேலேதான் தொடங்குகிறது. எல்லோரும் ஓடிப்போய் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டோம். அங்கே நின்றால் தெரிவது பொடிப்பொடியான திட்டுகள்தான். ஒரு திட்டில் நீலம், பக்கத்தில் ஒன்றுமில்லாத மண் நிறம், திரும்ப ஒரு சிவப்பு. பேதுருவின் முகத்தைத் தேடி இரண்டு நிமிடம் போயிற்று.

முட்டி வலி என்று மனைவி பின்னாலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். "இங்கேருந்து பாருங்க." அவள் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் அது படமானது. நாங்கள் நிற்கிற அறையே சுவருக்குள் நீண்டு போகிற மாதிரி இருந்தது. படத்துக்குள் இருக்கும் கூரைச் சட்டங்கள் இந்த அறையின் கூரையோடு தொடர்கின்றன. அறையின் ஜன்னல்கள் இடது பக்கம். படத்திலும் வலது பக்கச் சுவர்தான் வெளிச்சமாக இருக்கிறது, அந்த ஜன்னல் வெளிச்சம் போய் விழுந்த மாதிரி. எல்லாக் கோடும் ஆண்டவரின் நெற்றிப்பொட்டுப் பக்கம் போய்ச் சேருகிறது. அங்கே ஓர் ஆணி அடித்த ஓட்டை உண்டு, அதில் நூல் கட்டித்தான் கோடு பிடித்தார் என்கிறார்கள். எங்கள் கொத்தனாரும் அப்படித்தான் பிடிப்பார். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் கிடையாது. திறந்த ஜன்னலும் வானமும்தான் அந்த வேலையைச் செய்கின்றன.

அது துறவிகள் சாப்பிடுகிற அறை. அவர்கள் பந்தி உட்கார்ந்திருக்க, அதே அறையின் கோடியில், அதே மாதிரி வெள்ளை விரிப்புப் போட்ட மேஜையில், "உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்" என்று ஒருவர் சொல்லி முடித்த நொடி. சாப்பாடு எப்படி இறங்கியிருக்கும்?

19 ஜனவரி

ஆண்டவர் பக்கத்தில் இருப்பது பெண்ணா என்று கேட்டவருக்கு: இல்லை, அது சீடர் யோவான், பெண் இல்லை. யோவானை மீசை முளைக்காத பையனாகத் தீட்டுவது அந்தக் கால வழக்கம். 'டா வின்சி கோட்' என்று ஒரு நாவல் வந்தாலும் வந்தது, 20 வருடமாக இதே கேள்வி. அடுத்தது.

19 ஜனவரி, இரவு

முக்கியமானதை விட்டுவிட்டேன். கடைசி ஐந்து நிமிடம் எதிர்ச்சுவரைப் பாருங்கள். அங்கே சிலுவைப்பாடு இருக்கிறது. மொன்டோர்ஃபானோ என்பவர் 1495-இல் முடித்தது. முறைப்படி ஈரச்சாந்தில் தீட்டிய ஃப்ரெஸ்கோ. குதிரை, ஈட்டி, கொடி, கூட்டம் என்று நிரம்பி வழிகிறது. நிறம் இன்றும் நன்றாக இருக்கிறது. ஆனால் யாரும் அதைப் பார்க்கவில்லை. எங்கள் குழுவில் பாதிப் பேர் அதற்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் கீழ் மூலைகளில் பிரபுவின் குடும்பம் முழங்காலிட்டு இருக்கும். அதைப் பிறகு லியொனார்டோ காய்ந்த சுவரில் சேர்த்தார் என்பார்கள். இன்றைக்கு அது சுவரில் ஈரத்துணி ஒற்றி எடுத்த தடம் மாதிரி இருக்கிறது. ஓர் ஆள் குத்துக்கோடாக இருக்கிறார், அவ்வளவுதான், முகம் கிடையாது. அதே சுவர், அதே ஓதம், சில வருட வித்தியாசம். ஈரத்தில் செய்தது நிற்கிறது, காய்ந்ததில் செய்தது போய்விட்டது. கடைக்கு வருகிறவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. போட்டோ எடுத்து கவுன்டரில் ஒட்டியிருக்கிறேன்.

27 ஜனவரி

உப்புக் கிண்ணம். இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

நான் எடுத்த 41 போட்டோவையும் மகள் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தாளாம். "அப்பா, யூதாஸ் கைப்பக்கம் சாம்பல் கறைதான் இருக்கு, கிண்ணம் எங்கே?" என்றாள். நானும் பார்த்தேன். பணப்பையை இறுக்கிய வலது கை தெரிகிறது. முழங்கை மேஜையில் இருப்பது தெரிகிறது. கிண்ணம் என்று சத்தியம் பண்ணும்படி ஒன்றுமில்லை. பழைய நகல்களில்தான் அது தெளிவாக இருக்கிறது.

அப்படியானால் அன்றைக்கு நான் எதைப் பார்த்தேன்? சண்டே ஸ்கூலில், உப்புக் கொட்டினால் ஆகாது, யூதாஸைப் பார் என்று டீச்சர் படத்தைத் தொட்டுக் காட்டியது நினைவிருக்கிறது. அந்தக் கிண்ணத்தைத்தான் மிலான் வரைக்கும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

2 பிப்ரவரி

இது அதைவிட மோசம். கிண்ணத்தில் ஏமாந்த பிறகு எங்கள் ஹால் படத்தையே நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். அப்பா 1974-இல் வாங்கி ஃப்ரேம் போட்டது. 50 வருடமாக அதன் கீழே உட்கார்ந்துதான் குடும்ப ஜெபம்.

அதில் ஆண்டவருக்குக் கால் இருக்கிறது. மேஜைக்கு அடியில், செருப்போடு, இரண்டு பாதம்.

மிலான் சுவரில் அந்த இடத்தில் கதவு. 1652-இலிருந்து கால் இல்லை. ஆக எங்கள் வீட்டில் இருப்பது அந்தச் சுவரின் படமே இல்லை. கதவு வெட்டும் முன் எடுத்த ஏதோ ஒரு நகலின் வழியாக வந்தது. லியொனார்டோவின் சீடர் ஜாம்பியெத்ரினோ பெயரில் ஒரு நகல் லண்டன் ராயல் அகாடமியிடம் இருக்கிறது, பெல்ஜியத்தில் டோங்கர்லோ மடத்தில் இன்னொன்று. இரண்டிலும் பாதம் தெரியும். 1800-இல் மோர்கன் என்பவர் செப்புத்தட்டில் வெட்டி அச்சடித்தது ஐரோப்பா முழுக்கப் போயிற்று. நகலுக்கு நகல், அதற்கு ஒரு அச்சு, கடைசியில் யாரோ நிறம் ஏற்றி, திருநெல்வேலி கண்ணாடிக் கடைக்கு வந்திருக்கிறது. நடுவில் தங்க நிறத்தில் ஒரு பெரிய கிண்ணம் வேறு வைத்திருக்கிறான். சுவரில் அப்படி ஒன்று கிடையாது, சின்னச் சின்னக் கண்ணாடித் தம்ளர்கள்தான்.

முதல் நாள் நான் எழுதியது, "எங்கள் வீட்டுப் படம் இதைவிடத் தெளிவு." தெளிவாகத்தானே இருக்கும்! வேறு ஆள் தீட்டியது.

4 பிப்ரவரி

மியூசியம் கடையில் வாங்கிய போஸ்டரை ஃப்ரேம் போட்டு, பழையதை எடுத்துவிட்டு மாட்டலாம் என்று அம்மாவிடம் காட்டினேன். 83 வயது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்தார். "கால் எங்கல?" என்றார். கதவு வெட்டிய கதையைச் சொன்னேன். "காலில்லாத படம் வீட்டுக்கு வேண்டாம். கொண்டு போய்க் கடையில மாட்டு." போஸ்டர் இன்னும் குழாயிலேயே இருக்கிறது.

20 பிப்ரவரி

விரலை மேலே நீட்டிக்கொண்டிருப்பது தோமாவா என்று கேட்ட சென்னைத் தம்பிக்கு: ஆமாம், ஆண்டவருக்கு அடுத்து நாம் பார்க்கும்போது வலது பக்கம், யாக்கோபின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறவர். பரங்கிமலைக்கு வந்தவர் என்று நாம் சொல்கிறவரேதான். பின்னால் உயிர்த்தெழுந்த ஆண்டவரின் காயத்தில் இட்டுப் பார்க்கப் போகிற விரல் அது என்றும் சொல்வார்கள். எனக்கு அது, "ஒரு நிமிஷம், ஒண்ணு கேட்கலாமா?" என்று கமிட்டி மீட்டிங்கில் எழும்புகிற விரல். எங்கள் சபையில் நான்கு பேருக்கு உண்டு.

வேலை இழுத்தது பற்றி ஒரு கதை. பன்டெல்லோ என்று ஓர் எழுத்தாளர். இளவயதில் அந்த மடத்தில் இருந்தவர். லியொனார்டோ சில நாள் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை சோறு தண்ணீர் இல்லாமல் தீட்டுவாராம். அப்புறம் மூன்று நான்கு நாள் தூரிகையையே தொடாமல் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவாராம். சில நாள் உச்சிவெயிலில் வேறு வேலையிலிருந்து நேரே ஓடிவந்து, சாரத்தில் ஏறி, இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு இறங்கிப் போய்விடுவாராம். மடத்துத் தலைவர் பிரபுவிடம் புகார் சொன்னதாகவும், "யூதாஸுக்குத்தான் முகம் கிடைக்கவில்லை, ரொம்ப அவசரம் என்றால் தலைவர் முகத்தையே போட்டுவிடுகிறேன்" என்று இவர் சொன்னதாகவும், ஓவியர்களின் வாழ்க்கைக் கதைகளை எழுதிய வசாரி எழுதியிருக்கிறார். முழுசாக நம்ப வேண்டாம், வசாரி கதை சொல்கிற ஆள்.

ஆனால் பன்டெல்லோ சொன்னதை நம்புகிறேன். அப்படி ஒரு பெயின்டர் எனக்குத் தெரியும். நல்ல வேலைக்காரர். எந்த வீட்டுக்காரரும் அவரை இரண்டாம் முறை கூப்பிட்டதில்லை.

3 மார்ச்

"மிச்சம் இருப்பதில் லியொனார்டோ எவ்வளவு?" நல்ல கேள்வி. பதில் சங்கடமானது.

உதிர உதிர ஆளாளுக்குச் சரி பண்ணியிருக்கிறார்கள். 1726-இல் பெல்லொட்டி, 1770-இல் மாட்சா, இருவரும் மேலே தங்கள் நிறத்தைப் பூசினார்கள். 1821-இல் பரெட்சி இதை ஃப்ரெஸ்கோ என்று நினைத்து (நான் தனி ஆள் இல்லை!) சுவரிலிருந்து பெயர்த்தெடுக்கப் பார்த்து, நடுவில் கொஞ்சம் நாசமாக்கி, பிறகு பசை போட்டு ஒட்டினார். பழைய சுவரில் நான்கு கோட்டிங் ஏறியிருந்தால் சுரண்டினால்தான் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும். பினின் பிரம்பில்லா பார்ச்சிலோன் என்ற பெண்மணி அதைத்தான் செய்தார். 1970-களின் கடைசியில் சாரத்தில் ஏறியவர் 1999-இல் இறங்கினார். 20 வருடத்துக்கு மேல். பூதக்கண்ணாடி வைத்து, ஒரு நாளைக்குத் தபால்தலை அளவு. பிறர் பூசியதை எடுத்தார். அடியில் ஒன்றுமில்லாத இடத்தில் புதிதாக உருவம் தீட்டாமல், கண்ணை உறுத்தாத மங்கலான நீர்வண்ணத்தோடு நிறுத்திக்கொண்டார். நான் கம்பிப் பக்கம் நின்று "ஒன்றுமில்லாத மண் நிறம்" என்று எழுதினேனே, அது அவர் வேண்டுமென்றே விட்ட இடம். அதைக் குறை மாதிரி எழுதிவிட்டேன்.

சுத்தம் செய்த பிறகு மேஜைமேல் இருப்பதும் தெரிய வந்தது. ஒரு தட்டில் இருப்பது விலாங்கு மீன், ஆரஞ்சுத் துண்டோடு என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பஸ்கா என்ற யூதப் பண்டிகை விருந்துக்கு விலாங்கா! செதில் இல்லாத மீன் யூதர்களுக்கு ஆகாது. இது மிலான்காரர் சமையல்.

இன்னொன்று. 1943 ஆகஸ்ட் 15 ராத்திரி நேச நாட்டு விமானங்கள் போட்ட குண்டில் அந்த அறையின் கூரையும் ஒரு பக்கச் சுவரும் விழுந்துவிட்டன. ஓவியச் சுவர் மட்டும் நின்றது. முன்கூட்டியே சாரம் கட்டி மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். அதன் பிறகு கூரை இல்லாமல் தார்ப்பாயில் கிடந்திருக்கிறது. அந்த போட்டோ அங்கே வாசலிலேயே இருந்தது; இடிபாட்டு நடுவில் மூட்டை மூடிய ஒற்றைச் சுவர். டிக்கெட் வரிசையில் நின்றுகொண்டு அதைப் பார்த்தேன், பெரிதாக நினைக்கவில்லை. இப்போது அதுதான் அடிக்கடி ஞாபகம் வருகிறது.

28 மார்ச், பெரிய வியாழன்

திருவிருந்து ஆராதனை முடிந்து வந்தேன். ஆல்டருக்குப் பின்னால் எங்கள் கோயிலிலும் அந்தப் படம் உண்டு. அதிலும் கால் இருக்கிறது. ஐயர் (எங்கள் சபைப் போதகர்) பிரசங்கம் பண்ணும்போது நான் மேஜைக்கு அடியில் எண்ணிக்கொண்டிருந்தேன். 13 பேருக்கு 26 வர வேண்டும். 19 வரைதான் கிடைத்தது.

6 ஏப்ரல்

கேள்வி கேட்ட தம்பி டிக்கெட் எடுத்துவிட்டாராம்: 16 ஏப்ரல், செவ்வாய், காலை 9.15. நான் முதல் நாள் எழுதியதைக் கேட்காததற்கு நன்றி.

அரை மணி முன்னால் போய்விடுங்கள். தாமதமானால் விடமாட்டார்கள், பணமும் வராது. உள்ளே போனதும் முன்னால் ஓடாதீர்கள். நான்கு நிமிடம் பின்னால் நில்லுங்கள், முடிந்தால் உட்காருங்கள். அப்புறம் கம்பிப் பக்கம் போய்க் கைகளை மட்டும் பாருங்கள்; முகங்கள் போன அளவுக்குக் கைகள் போகவில்லை. போட்டோ எடுக்கலாம், ஃப்ளாஷ் கூடாது, ஆனால் 41 வேண்டாம். கடைசி ஐந்து நிமிடம் திரும்பி நின்று மொன்டோர்ஃபானோவுக்கு. ஃப்ளோரன்ஸும் போகிறீர்கள் என்றால் சான்ட் அப்பொல்லோனியாவில் கஸ்தான்யோ தீட்டிய இராப்போஜனம் இருக்கிறது, லியொனார்டோவுக்கு 50 வருடம் முந்தியது. காசு கிடையாது, கூட்டம் கிடையாது. அங்கே யூதாஸை மேஜைக்கு இந்தப் பக்கம் தனியாக உட்கார வைத்திருப்பார்கள். மிலானில் அவனை மற்றவர்களோடு ஒரே வரிசையில் கலந்துவிட்டதன் சூட்சுமம் அதைப் பார்த்தால் புரியும்.

உப்புக் கிண்ணத்தைத் தேடிப் பாருங்கள். இளம் கண்.

அப்புறம், கடையில் ஏதாவது பழைய நகலின் போஸ்டர், கால் இருக்கிறதாக, கண்ணில் பட்டால் ஒன்று வாங்கி வாருங்கள். பணம் அனுப்பிவிடுகிறேன். பழைய படத்தின் கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறது, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.